வெளியூரில் ஒரு சங்கக் கட்டடம்: நன்கொடை யார் தருகிறார்கள், பாக்கியை யார் கட்டுகிறார்கள்?

புனே நகருக்குத் தென்மேற்கே, கடக்வாஸ்லா ஏரிக்கரையில் இருக்கிறது தேசிய பாதுகாப்பு அகாடமி. அதன் தலைமைக் கட்டடத்தின் பெயர் 'சூடான் பிளாக்'. மகாராஷ்டிர மலையடிவாரத்துக்கு ஓர் ஆப்பிரிக்க நாட்டின் பெயர் எப்படி வந்தது?

காசு கொடுத்ததால் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தாலியப் படைகளை எதிர்த்துப் போரிட்டு உயிர்விட்ட இந்திய வீரர்களுக்கு நினைவுச்சின்னம் கட்டுவதற்காக அப்போதைய சூடான் அரசு 1 லட்சம் பவுண்டு கொடுத்தது. பிரிவினைக்குப் பிறகு அதில் 70 ஆயிரம் பவுண்டு இந்தியாவுக்கும் 30 ஆயிரம் பவுண்டு பாகிஸ்தானுக்கும் போனது. இந்தியாவின் பங்கு அகாடமிக்கு வந்தது. நிலத்தை அன்றைய பம்பாய் அரசு தந்தது. 1949 அக்டோபர் 6 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1959-இல் சூடான் பிளாக் திறக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெயர் சூடானுடையது. ஆனால் அதற்குப் பிறகான மீதிச் செலவு, சம்பளம், கரண்ட் பில், பெயிண்ட் எல்லாம் இந்திய அரசின் கணக்கு. எந்தக் கட்டடத்துக்கும் மூன்று கேள்விகள் உண்டு: நிலம் யாருடையது, முதல் பெரிய தொகை யாருடையது, மாதாமாதம் பில் கட்டுவது யார்? சூடான் பிளாக்குக்கு இந்த மூன்றுக்கும் முதலிலேயே பதில் இருந்தது.

பின்னால் ஓர் அரசு இல்லாதவர்கள், பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள், தங்கள் பாட்டுக்கும் மொழிக்கும் கல்யாணத்துக்கும் ஒரு கட்டடம் வேண்டும் என்று நினைத்தால் என்ன செய்வார்கள்? இதில் பிலிப்பினோக்களுக்கு அமெரிக்காவில் நீண்ட அனுபவம் உண்டு. மும்பையில் தொடங்கி டொராண்டோ வரை தமிழர்களுக்கும் உண்டு. அந்த அனுபவங்களை எண்களோடு பார்ப்போம். உங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு சங்கத்தின் நன்கொடை வேண்டுகோள் ஏற்கெனவே வந்து கிடந்தால், கடைசிப் பகுதி உங்களுக்குத்தான்.

சொந்தக் கட்டடம் எதற்கு, வாடகை மண்டபம் போதாதா?

கலைநிகழ்ச்சிக்கு வாடகை மண்டபம் போதும். ஆனால் சில வேளைகளில் போதாது.

கலிபோர்னியாவில் டெலானோ என்ற சிற்றூர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே வேலை பார்த்த பிலிப்பினோ தொழிலாளர்கள் 1965 செப்டம்பரில் தங்கள் சமூகக் கூடத்தில் கூடி, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ய முடிவெடுத்தார்கள். முன்னால் நின்றவர் லாரி இட்லியாங். செப்டம்பர் 8 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களில் சீசர் சாவேஸ் தலைமையிலான மெக்சிக்கத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். போராட்டம் 1970 வரை நீண்டது. அந்தக் கூடமே போராட்டக்காரர்களுக்குச் சமையலறையாகவும் கூட்டம் போடும் இடமாகவும் இருந்தது. அது வாடகை இடமாக இருந்திருந்தால், தோட்ட முதலாளிகளின் ஒரு போன் காலில் பூட்டு தொங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். சின்ன ஊர்களில் அதுதான் நடைமுறை.

நமக்குப் பக்கத்து உதாரணம் மும்பை. கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் இருக்கும் சண்முகானந்தா அரங்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாட்டுங்கா, சயான் பகுதிகளில் குடியேறிய தென்னிந்தியர்கள் 1932-லேயே தெற்கிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். சண்முகானந்தா சங்கீத சபா 1952-இல் வந்தது. அரங்கம் 1963-இல் எழுந்தது. இன்று சுமார் 2,700 பேர் உட்காரலாம். நாட்டின் மிகப்பெரிய அரங்குகளில் அதுவும் ஒன்று.

அரங்கம் எழுந்து மூன்று வருடம் கழித்து, 1966-இல், சிவசேனா தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் அதன் கோபம் முழுக்க மும்பையின் தென்னிந்தியர்கள் மீதுதான். வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அந்தக் காலத்திலும் அரங்கம் இருந்த இடத்தில் இருந்தது. இன்னொரு சுவாரஸ்யம்: கொரோனா கட்டுப்பாடுகள் இருந்த 2021-இல், சிவாஜி பார்க் மைதானத்தில் நடக்க வேண்டிய சிவசேனாவின் தசரா கூட்டம் அக்டோபர் 15 அன்று நடந்தது இதே சண்முகானந்தா அரங்கில். தென்னிந்தியர்கள் கட்டிய இடத்தை வாடகைக்கு எடுத்துப் பேசினார் அப்போதைய முதல்வர் உத்தவ் தாக்கரே.

காசு எப்படிச் சேர்கிறது?

மொய் எழுதுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மொய் விருந்து போட்டு ஒரே நாளில் பெரும் தொகை திரட்டுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது நோட்டில் இருக்கும், பிறகு திருப்பிச் செய்ய வேண்டும். பிலிப்பினோக்களிடமும் இதற்கு இணையாக ஒரு வழக்கம் இருந்தது: அழகிப் போட்டி. அமெரிக்காவில் அவர்களுடைய சங்கங்கள் நடத்திய 'ராணி' போட்டிகளில் பெரும்பாலும் அழகு முடிவு செய்யாது, விற்ற ஓட்டு முடிவு செய்யும். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய குடும்பமும் ஊர்க்காரர்களும் காசு கொடுத்து ஓட்டு வாங்குவார்கள். அதிக ஓட்டு விற்ற பெண்ணுக்குக் கிரீடம், சங்கத்துக்கு நிதி. பெண்களை வைத்துக் காசு திரட்டுவது சரியா என்ற கேள்வி நியாயமானது. பல கூடங்களின் நிதியில் அந்தப் பணமும் கலந்திருக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் எல்லாரும் புதிதாகக் கட்டியே தீர வேண்டும் என்றில்லை. சியாட்டில் நகரப் பிலிப்பினோ சங்கம் 1965-இல் ஒரு பழைய பவுலிங் விளையாட்டுக் கூடத்தை வாங்கித் தங்கள் சமூகக் கூடமாக மாற்றிக்கொண்டது. தூண் இல்லாத நீண்ட கூடம், வண்டி நிறுத்த இடம், ஏற்கெனவே இருக்கும் தண்ணீர், மின் இணைப்பு. என்னைக் கேட்டால், மிகவும் குறைவாகப் பேசப்படும் புத்திசாலித்தனமான வழி இது. மாதிரிப் படத்தில் கோபுரமும் குவிமாடமும் இருந்தால்தான் நன்கொடை வரும் என்று சங்கக்காரர்கள் நம்புவதால், பழைய கட்டடம் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஹவாய்க் கதை இதற்கு நேர் எதிர். 1906 டிசம்பர் 20 அன்று 15 பிலிப்பினோக்கள் டோரிக் என்ற கப்பலில் ஹொனலூலுவில் வந்து இறங்கினார்கள். கரும்புத் தோட்டக் கூலிகள். 'சகாடா' என்று அவர்களைச் சொல்வார்கள். நம் ஊரிலிருந்து மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி வழியே போனவர்களின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. அடுத்த 40 ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களில் பலர் உழைத்த ஓவாஹு சர்க்கரைக் கம்பெனி வைபாஹு என்ற ஊரில் இருந்தது. அந்த ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. பழைய ஆலையை ஒட்டிய இடத்திலேயே 2002 ஜூனில் பிலிப்பினோ சமூக மையம் திறக்கப்பட்டது. 50 ஆயிரம் சதுர அடி, செலவு சுமார் 1.4 கோடி டாலர். பிலிப்பைன்ஸுக்கு வெளியே இவ்வகையில் மிகப்பெரியது என்று சொல்லப்படுகிறது.

1.4 கோடி டாலரை ராணிப் போட்டி நடத்திச் சேர்த்துவிட முடியாது. இந்த யோசனையை 1990-களின் தொடக்கத்தில் எடுத்தது ஹவாயின் பிலிப்பினோ வர்த்தக சபை. நிதி திரட்டுவதில் முன்நின்றவர் எல் அண்ட் எல் உணவகங்களின் முதலாளி எடி புளோரஸ். அமெரிக்க மத்திய அரசு, ஹவாய் மாநில அரசு, பெரிய அறக்கட்டளைகள் எல்லாரிடமும் போய்த் தட்டினார்கள். யோசனையில் இருந்து திறப்புவிழா வரை சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வணிகர்களாக, அரசியல்வாதிகளாக ஆன பிறகுதான் அந்தத் தொகை சாத்தியமானது.

டொராண்டோ தமிழர்களின் கணக்கு

இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கணக்கு எளிமையானது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் கனடாவுக்குப் பெருமளவில் போகத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த சுமார் 150 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றிய சம்பவம் இன்றும் அங்கே நினைவுகூரப்படுகிறது. இன்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி, தமிழர்கள் அதிகம் வாழும் வெளிநாட்டு நகர்ப்பகுதிகளில் ஒன்று. கோயில் உண்டு, நகைக்கடை உண்டு, கொத்து ரொட்டிக் கடை உண்டு. எல்லாருக்கும் பொதுவான ஒரு பெரிய சமூக மையம்தான் இல்லை.

அதற்காகத் தொடங்கியதுதான் தமிழ்ச் சமூக மையம் திட்டம். ஸ்கார்பரோவில் ஸ்டெயின்ஸ் ரோட்டில், நகராட்சிக்குச் சொந்தமான இடம், நீண்டகாலக் குத்தகை. 2021-இல் கனடா மத்திய அரசும் ஒன்டாரியோ மாகாண அரசும் சேர்ந்து சுமார் 2.63 கோடி கனடா டாலர் தருவதாக அறிவித்தன. மத்திய அரசின் பங்கு சுமார் 1.43 கோடி. மீதி மாகாணத்தின் பங்கு.

இந்தத் தொகை சும்மா நிர்ணயித்ததில்லை. கனடாவின் உள்கட்டமைப்புத் திட்டத்தில் சமூக, கலாசார, பொழுதுபோக்குக் கட்டடங்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் ஒன்டாரியோவுக்கு ஒரு பங்கீடு உண்டு: 100 ரூபாய் செலவு என்றால் மத்திய அரசு 40, மாகாணம் 33.33, விண்ணப்பித்த அமைப்பு 26.67.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். 2.63 கோடி என்பது 73.33 சதவீதம் என்றால், அனுமதிக்கப்பட்ட மொத்தச் செலவு சுமார் 3.59 கோடி டாலர். அதில் சமூகம் போட வேண்டியது சுமார் 96 லட்சம் டாலர். ஒரு கனடா டாலர் 60 ரூபாய் என்று வைத்தால்கூட 57 கோடி ரூபாய்க்கு மேல். பெரிய தொகைதான், ஆனால் 'நாலில் ஒரு பங்கு நம்முடையது, மூன்று பங்கு அரசுடையது' என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும்.

இங்கேதான் நுணுக்கம். அரசு தருவது சதவீதம் இல்லை, தொகை. அந்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. சிமெண்ட் விலை ஏறினால், இரும்பு விலை ஏறினால், வட்டி ஏறினால், கூடுதல் செலவு விண்ணப்பித்தவர் தலையில். திட்ட விதிகளே அப்படித்தான். கொரோனாவுக்குப் பிந்தைய வருடங்களில் டொராண்டோவில் கட்டுமானச் செலவு எவ்வளவு வேகமாக ஏறியது என்பது அங்கே வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கு, என்னுடையதுதான். மொத்தச் செலவு 25 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். 3.59 கோடி 4.48 கோடி ஆகும். அரசுப் பங்கு 2.63 கோடியிலேயே நிற்கும். அப்படியென்றால் சமூகத்தின் பங்கு 96 லட்சத்தில் இருந்து 1.85 கோடி டாலருக்குத் தாவுகிறது. செலவு கால் பங்குதான் கூடியது, சமூகத்தின் சுமையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 'நாலில் ஒன்று' இப்போது 41 சதவீதம்.

டொராண்டோவுக்கு மட்டுமான சிக்கலில்லை இது. 'பாதி எம்எல்ஏ நிதி, பாதி நம்ம நிதி' என்று தொடங்கும் எந்த ஊர்க் கல்யாண மண்டபத்துக்கும் பொருந்தும். மற்றவர்கள் எல்லாரும் நிலையான தொகை தருகிறார்கள்; மிச்சம் எவ்வளவோ அது சங்கத்துடையது. ஆகவே நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் 'இதுவரை எவ்வளவு சேர்ந்தது' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இந்த மதிப்பீடு எந்த வருட விலையில் போட்டது, விலை ஏறினால் யார் தருவார்கள்' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருக்கும்.

கட்டி முடித்த பிறகு?

சண்முகானந்தா அரங்கத்தில் 1990-இல் தீப்பிடித்தது. உள்ளே எல்லாம் எரிந்துபோனது. மீண்டும் திறக்க ஏழெட்டு வருடம் பிடித்தது. கச்சேரி டிக்கெட்டை மட்டும் நம்பியிருந்த சபாவாக இருந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். அது அரங்கை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறது: பள்ளி ஆண்டு விழா, குஜராத்தி நாடகம், கம்பெனிக் கூட்டம், அரசியல் கூட்டம். மருத்துவ மையமும் நடத்துகிறது. கர்நாடக சங்கீதத்துக்கு மும்பையில் ஓர் இடம் இருப்பதற்கு, கர்நாடக சங்கீதம் கேட்காதவர்கள் கட்டும் வாடகையும் ஒரு காரணம்.

வைபாஹு மையமும் அப்படித்தான், அங்குள்ள பெரிய விருந்துக்கூடம் கல்யாணங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முகூர்த்த நாட்களிலும் சனி ஞாயிறிலும் வாடகைக்கு விட்டால்தான் வருமானம். சமூகக் குழந்தைகளுக்கு மொழி வகுப்பும் நடன வகுப்பும் வைக்க முடிவதும் அதே சனி ஞாயிறில்தான். எதை முதலில் வைப்பது என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுதி வைக்காத சங்கங்களில் இந்தச் சண்டை நிச்சயம் வரும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வேறு பக்கம் போனவர்களும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. உலகம் முழுக்கத் தமிழர்கள் நிதி தந்து, 2018-இல் இலக்கு நிறைந்தது. அது முதலீட்டு நிதி. முதலைத் தொடமாட்டார்கள், வருமானத்தில் பேராசிரியருக்குச் சம்பளம். கூரை ஒழுகாது, லிஃப்ட் பழுதாகாது. பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அப்போது எழுந்த கேள்விக்கு என்னிடமும் திருப்தியான பதில் இல்லை. ஆனால் 'மாதாமாதம் யார் கட்டுவது' என்ற கேள்விக்கு அதில் முதல் நாளே பதில் இருந்தது. கட்டட நிதி திரட்டும் சங்கங்களும் அதில் ஒரு பகுதியைப் பராமரிப்பு நிதியாகத் தனியே போட்டு வைக்கலாம். கல்வெட்டில் பெயர் வராது என்பதால் அதற்கு நன்கொடை வருவது குறைவு.

புனேவில் ஒரு சங்கம் உங்களிடம் நன்கொடை கேட்டால்?

கடக்வாஸ்லாவில் அகாடமி மட்டுமில்லை, 1916-இல் தொடங்கிய மத்திய நீர் மின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இப்படி அரசு வேலையாக வந்து தங்கிவிட்டவர்கள், பிறகு ஐடி வேலைக்கு வந்தவர்கள் என்று புனே முழுக்க வெளிமாநிலக் குடும்பங்கள். தமிழ், மலையாளம், வங்காளம் என்று ஒவ்வொரு மொழிக்கும் சங்கங்கள் உண்டு. சொந்தக் கட்டடம் என்ற பேச்சு வரும்போது பார்க்க வேண்டியவை இவை.

மகாராஷ்டிரத்தில் சங்கம் என்றால் இரண்டு பதிவுகள். 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி ஒன்று, 1950-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டப்படி அறநிலைய ஆணையரிடம் ஒன்று. சேரிட்டி கமிஷனர் ஆபீஸ் என்று சொன்னால் புனேவில் எல்லாருக்கும் தெரியும். நிர்வாகிகள் மாறினால் 90 நாட்களுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும். பல சங்கங்கள் இதைச் செய்யாமல் விட்டுவிடுகின்றன. அப்புறம் நிலம் வாங்கப் போகும்போது, 'பதிவில் இருக்கும் செயலாளர் வேறு ஆள், அவர் இறந்து ஆறு வருடமாச்சே' என்று வந்து நிற்கும்.

80ஜி என்று நமக்குப் பழகிப்போன வரிச் சலுகை சங்கத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் உங்களுக்குச் சலுகை கிடைக்காது. செக், யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் மட்டும். ஒரு குறிப்பிட்ட மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் என்று சங்க விதிகளில் எழுதியிருந்தாலும் இந்தச் சலுகைக்குச் சிக்கல். மொழியின் பெயரில் தொடங்கி உள்ளே சாதிச் சங்கமாக நடப்பவை எங்கும் உண்டு, விதிகளைப் படித்துப் பார்ப்பதில் தவறில்லை.

வெளிநாட்டுக் காசுதான் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் உங்கள் தம்பி தன் சம்பளத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் மாமா அனுப்பினால், அவரிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். அந்தப் பதிவு கேட்கச் சாதாரணமாக மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் சங்கத்தின் நோக்கங்களுக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் காசு வந்து இறங்க வேண்டியது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில் மட்டுமே. புதிதாகத் தொடங்கிய சங்கம் 'வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆட்கள் கொடுப்பாங்க' என்று பட்ஜெட் போட்டால், யாருடைய பாஸ்போர்ட் எந்த நிறம் என்று முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக நிலம். அறக்கட்டளைச் சட்டப்படி, அறநிலைய ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் சங்கத்தின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. விவசாயம் அல்லாத இடத்தை மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. நன்கொடையாளருக்கு இது பாதுகாப்பு. இதே சட்டம்தான், பாதிக் கட்டடத்தில் காசு தீர்ந்துபோன சங்கம் இடத்தை அடகு வைத்து அவசரத்துக்குக் கடன் வாங்கப் போனால், முதலில் குறுக்கே வந்து நிற்பதும்.